இரண்டாம் மாடி அண்ணன்

மே 3

என்மேல் அன்பில்லாத அன்பு அக்காவுக்கு,

உலக மக்களின் கவனத்துக்கு, குறிப்பாக நர்ஸ் பயிற்சி விடுதியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு குடிமகளின் கவனத்துக்கு, கனத்த பொறுப்புணர்ச்சியுடன் தெரிவிப்பது: நம் கட்டடத்து லிஃப்ட் கதவில் தொங்கிய ‘பழுது’ என்ற பலகை இன்று காலை கீழே விழுந்தது. லிஃப்டின் உடல்நிலையில் முன்னேற்றம் இல்லை. இனி பலகையும் பழுது. உயிர்ச்சேதம் கிடையாது. வயலின் டீச்சரின் பூனை மட்டும் ஒரு படி பின்வாங்கியது.

உங்கள் வார்டன் எல்லோர் ஃபோனையும் அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டாராமே. ஆப் எழுதுகிற கையைத் தபால்தலை ஒட்ட வைத்துவிட்டாய். நாக்கில் இன்னும் பசை.

நீ கிளம்பிய அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய். நியாயம்தான். உன் குரலைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து கட்டடத்துக்கே அலாரம் ஆப்பாக்கியது தப்பு. ஆனால் “எந்திரிடா எருமை, மூஞ்சில தண்ணி ஊத்தவா” என்று நீ கத்தியதில் எத்தனை பேர் நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள் தெரியுமா? டீச்சர் உன்னை மாடிப்படியில் நிறுத்தி, “உன் புண்ணியத்துல தினம் டைமுக்கு எந்திரிக்கிறேன்மா, அந்த எருமையை மட்டும் எடுத்துட்டா நல்லாருக்கும்” என்றபோது உன் முகம் போன போக்கை மேல்படியிலிருந்து பார்த்தேன். சிரித்தேன். இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டும் உண்மை.

விஷயத்துக்கு வருகிறேன். போகும்போது என் அம்மாவிடம் சொன்னாயாம்: “அப்பா கால்ல மாவுக்கட்டோட நாலாவது மாடியில தனியா கிடக்கார். சித்தி, நீங்க பகல்ல சலவைக்கடைக்குப் போயிடுவீங்க. லீவுல வீட்ல இருக்கிறவன் இவன் ஒருத்தன், பொம்மை ஆப் செஞ்சுகிட்டு.” பொம்மையா? கேள்.

புது ஆப்பின் பெயர் ‘கூப்பிடு’. பெரியப்பா ஃபோனில் ஒரே ஒரு பெரிய பட்டன். அழுத்தி வேண்டியதைச் சொன்னால் அது எழுத்தாகப் போய், கட்டடத்தில் எல்லோர் ஃபோனிலும் மணி அடிக்கும். முடிந்தவர் ‘வர்றேன்’ என்று போடுவார். முப்பது பேருக்கு மேல் சேர்ந்தாயிற்று. நேற்று பெரியப்பா தண்ணீர் கேன் கேட்டு வாயை மூடவில்லை, இரண்டாம் மாடி அண்ணன் ‘வர்றேன்’ போட்டுவிட்டார். பஸ் ஓட்டின காலத்தில்கூடத் தனக்கு இவ்வளவு பேர் வழிவிட்டதில்லை என்கிறார் பெரியப்பா. நான் சுண்டுவிரலைக்கூட அசைப்பதில்லை. ஏன்டா இளைச்சுட்டே என்று அம்மா கேட்கிறாள். அறிவு வளர்ந்தால் உடம்பு வற்றும் என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பா இனி என் பொறுப்பு. நீ நிம்மதியாக ஊசி குத்தப் பழகு.

இப்படிக்கு,
தலைமை நிர்வாகி, தலைமைப் பொறியாளர் மற்றும் வானரம்


மே 9

வானரம்,

டீச்சரோடு போயிருந்தால் பரவாயில்லை. கிளம்பும் அன்று பஸ் நிறுத்தத்தில் ஒரு ஆளிடம் கொஞ்சம் நகரச் சொன்னேன். என் குரலைக் கேட்டதும் மனிதர் விறைத்து நின்றுவிட்டார். நம் கட்டடத்துக்காரர். மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலும் நீ சிரிக்கிறாய். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது, வாடாமல் வைத்திருக்கிறேன்.

இப்போது எனக்குப் பதில் வேண்டும். இரண்டாம் மாடியில் எந்த அண்ணன்? எனக்குத் தெரிந்து அங்கே டீச்சரும் பூனையும்தான். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது.

ஏன் கேட்கிறேன் என்றால், என் தலையணைக்கு அடியில் ஒரு விடுப்பு விண்ணப்பம் இருக்கிறது. அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கும்வரை பக்கத்தில் இருக்கலாமே என்று எழுதினேன். இடையில் இவ்வளவு நாள் விடுப்பு எடுத்தால் பயிற்சியை அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது போகட்டும். ஆனால் கொடுக்கவா வேண்டாமா என்று யாரைக் கேட்பது? அப்பாவைக் கேட்டால் “எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்” என்பார். கால் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதையேதான் சொன்னார். சித்தியைக் கேட்டால் “நான் பாத்துக்கறேன்” என்று தன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றிக்கொள்வார். மிச்சம் இருப்பது நீ. நம் கட்டடத்திலேயே அதிகம் புளுகுகிறவனிடம் உண்மை கேட்கிற நிலைமை எனக்கு.

ஒரே ஒரு தடவை விளையாடாமல் எழுது. அப்பா கூப்பிட்டால் ஆள் வருகிறதா?

அக்கா


மே 14

அக்கா,

விளையாடாமல் எழுதுகிறேன். முகம் கழுவி, தலை வாரி, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டாள்.

ஆள் வருகிறது. கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் பெரியப்பாவுக்கே எழுதிக் கேள். தண்ணீர் கேன், மாத்திரை, விழுந்த ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்க, ஜன்னலைச் சாத்த, எதற்கும் ஒரு ‘வர்றேன்’ உண்டு. இரண்டாம் மாடி அண்ணன் டீச்சரின் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். கூச்ச சுபாவம். முகம் காட்ட வெட்கப்பட்டுப் பெரும்பாலும் பொருளை என்னிடம் கொடுத்தனுப்பிவிடுவார். மொட்டைமாடி அக்கா என்று ஒருவர், சைக்கிள்காரர் என்று ஒருவர். பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் உதவுவதுதான் ஆப்பின் அழகே.

பெரியப்பா நேற்று என்ன சொன்னார் தெரியுமா? “யாரு எவருன்னே தெரியல, இவ்வளவு பாசமா இருக்காங்களேடா. நான் இத்தனை வருஷமா இந்தக் கட்டடத்துல யாருக்காவது ஒரு வாளி தண்ணி தூக்கிக் குடுத்திருக்கேனா?” என்று கேட்டார்.

ஆகவே விண்ணப்பத்தைக் கிழி. வேண்டுமானால் நாலாக மடித்துக் கிழி, திருப்தியாக இருக்கும்.

இன்னொரு செய்தி. இருபத்துநான்காம் தேதி நகர நூலகத்து மாடி அரங்கில் ‘நம் தெருவுக்கு நம் செயலி’ என்று ஒரு போட்டி. பெரிய திரையில் ‘கூப்பிடு’வை நேரடியாக ஓட்டிக் காட்டப்போகிறேன். பொம்மை என்று சொன்னவர்கள் அன்று எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்கள் என்று பார்க்கலாம். உன்னைச் சொல்லவில்லை. உன்னைத்தான் சொல்கிறேன்.

தலைமை நிர்வாகி


மே 22

டேய் தம்பி,

கிழித்துவிட்டேன்.

அப்பாவும் எழுதியிருந்தார். கோணல்மாணலான எழுத்தில் இரண்டு பக்கம், அதில் ஒன்றரைப் பக்கம் உன் ஆப். “கைதட்டினா ஓடிவர ஆள் இருக்கும்மா, நீ படிப்பைப் பாரு” என்று. அதைப் படித்த பிறகுதான் கிழித்தேன்.

ஒன்று சொல்கிறேன், உன்னிடம் வைத்துக்கொள். கிழித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அம்மா போனதிலிருந்து அந்த வீட்டுக்குப் பொங்கிப் போட்டு, அப்பா சட்டைக்குப் பட்டன் தைத்து, அவர் டிப்போவிலிருந்து வரும்வரை விளக்கைப் போட்டு வைத்துக் காத்திருந்தவள் நான். இங்கே வந்துதான் என் தட்டை மட்டும் கழுவுகிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது. கால் உடைந்த அப்பாவை விட்டு வந்துவிட்டு இது பிடித்திருக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். நீ வேறு யாருடைய ரகசியத்தையும் காப்பாற்றியதில்லை, இதையாவது காப்பாற்று.

பொம்மை என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள். நிஜமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. எங்கள் வார்டில் பெரிய சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். யாரையும் எளிதில் பாராட்ட மாட்டார். தனியாக இருக்கும் நோயாளிகள் வீட்டுக்குப் போனதும் விழுந்து, மறுபடி இங்கேயே வந்து படுக்கிறார்கள் என்று அவருக்குத் தீராத கவலை. உன் ஆப்பைப் பற்றிச் சொன்னேன். நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார். ஜூன் பத்தாம் தேதிக்கு மேல் டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் ஃபோனில் அதைப் போட்டு அனுப்பலாம் என்கிறார். என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுது. அவரிடம் “என் தம்பி செஞ்சது” என்றேன். சித்தி மகன் என்று விளக்கவில்லை. தம்பி என்றே இருக்கட்டும்.

அக்கா


மே 27

அக்கா,

சான்றிதழ் கிடைத்தது. கெட்டித்தாள்.

பெரியப்பா நன்றாக இருக்கிறார். அம்மா கடைக்கு லீவு போட்டிருக்கிறாள், சும்மாதான். மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை.

பெரிய சிஸ்டரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். ஆப்பில் சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கிறது. சின்னது என்றால் அவ்வளவு சின்னதில்லை. நோயாளிகள் என்கிறாய், அவர்களுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை, அதில் இது வேறு எதற்கு? அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடு. என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

நீ எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குப் பிடித்திருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

டீச்சரின் பூனை நலம்.

தம்பி


ஜூன் 1

தம்பி,

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. வார்த்தை அவருடையது, எழுத்து சித்தியுடையது. “கண்ணாடி உடைஞ்சு போச்சும்மா, அதான் சித்தியை எழுதச் சொன்னேன்” என்று இருந்தது. அப்பா கண்ணாடி இல்லாமலே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தும் இல்லை.

ஆபீஸ் ஃபோனுக்காகக் கெஞ்சி அனுமதி வாங்கிப் பேசினேன். “ஒண்ணுமில்லம்மா, ராஜா மாதிரி இருக்கேன்” என்றார். சித்தியைக் கேட்டேன். “எதுவா இருந்தாலும் உங்கப்பாகிட்டயே கேட்டுக்கம்மா” என்றார். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் உன் இருமல் கேட்டது.

பூனையின் நலம் எழுதுகிற நீ, அப்பாவைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்தினாய். பெரிய சிஸ்டர் நான் சொன்ன ‘பொறுங்க’வைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயாளிகள் பட்டியலையே தயார் செய்துவிட்டார். பெரும்பாலும் தனியாக இருக்கிறவர்கள். ஏன் வேண்டாம் என்கிறாய்? வீட்டில் என்ன நடந்தது?

ஒரு ஜோக் இருந்தாலும் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவேன்.

அக்கா


ஜூன் 4

அக்கா,

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் முதல் வரியிலேயே ஜோக் வந்து நின்றது. கைப்பழக்கம்.

இரண்டாம் மாடி அண்ணன் என்று யாரும் இல்லை. எதிர்வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மொட்டைமாடி அக்கா இல்லை, சைக்கிள்காரர் இல்லை. எல்லாம் நான் உள்ளே எழுதி வைத்த பெயர்கள். யாராவது உதவி கேட்டால், மனிதர் யோசித்துப் போடுவதுபோல் கொஞ்சம் விட்டு, அதுவாகவே ‘வர்றேன்’ என்று போடும்.

ஆரம்பத்தில் கதவு கதவாகத் தட்டத்தான் செய்தேன். “இதுல யாரெல்லாம் இருக்காங்க?” என்று கேட்பார்கள். “நீங்கதான் முதல்” என்பேன். “அப்ப நாலு பேர் சேரட்டும், பாக்கலாம்” என்று கதவைச் சாத்துவார்கள். அந்த நாலு பேரைத்தான் முதலில் செய்தேன். பிறகு கை நிற்கவில்லை. முப்பது பேர் ஆனதும் மறுபடி போய்த் தட்டினேன். “அதான் முப்பது பேர் இருக்காங்களே, நாங்க எதுக்கு?” என்று கேட்டார்கள்.

பெரியப்பா கேட்டதையெல்லாம் தூக்கிப்போனது நான். கீழ்த்தளத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு மாடி. “அண்ணன் குடுத்தனுப்பினார்” என்று சொல்லி வைத்துவிட்டு வருவேன். நானே கொண்டுவந்தேன் என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் நான் கொண்டுபோனால் அது வெறும் தண்ணீர் கேன். அண்ணன் கொடுத்தனுப்பினால் அது ஆப்.

இருபத்துநான்காம் தேதி மேடையில் என் ஃபோனைத் திரையோடு இணைத்திருந்தேன். நானே ஒரு வேண்டுகோளைத் தட்டிக் காட்டுவதாக இருந்தேன். அதற்குள் மணி அடித்தது. திரை முழுக்க, அவ்வளவு பெரிய எழுத்தில் வந்தது: ‘நாலாவது மாடி: பாத்ரூம்ல வழுக்கிட்டேன். எந்திரிக்க முடியல. யாராவது ஒரு கை குடுங்க.’

கொஞ்சம் விட்டு, ‘இரண்டாம் மாடி அண்ணன்: வர்றேன்’ என்று வந்தது. அதற்குக் கீழே, ‘சைக்கிள்காரர்: வர்றேன்.’

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் போகவில்லை என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். அம்மாவுக்கோ, பெரியப்பாவின் பக்கத்து வீட்டு டைலருக்கோ அங்கேயே ஃபோன் செய்திருக்கலாம். திரையில் எல்லோரும் பார்ப்பார்களே என்று செய்யவில்லை. கைதட்டலுக்குத் தலை குனிந்து வணங்கினேன். சான்றிதழ் வாங்கினேன். “கொஞ்சம் சிரிங்க தம்பி” என்றார் போட்டோ எடுத்தவர். சிரித்தேன். அப்புறம்தான் ஓடினேன்.

பெரியப்பா குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். கண்ணாடி அந்தப் பக்கம் உடைந்து கிடந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டைலரின் மிஷின் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“வந்துட்டியா. அந்த அண்ணன் வர்றேன்னாரு, என்ன வேலையோ பாவம், லேட்டாகுது போல” என்றார்.

“சத்தம் போட்டிருக்கலாமே பெரியப்பா. டைலர் இங்கதானே இருக்கார்.”

“அதான் ரெண்டு பேர் வர்றேன்னு சொல்லிட்டாங்களே. இவரையும் எதுக்குடா தொந்தரவு பண்ணணும்.”

மணிக்கட்டில் விரிசல். அங்கேயும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்குச் சொன்னால் படிப்பை விட்டு வந்துவிடுவாய் என்று எல்லோர் வாயையும் அடைத்தது அவர்தான். விஷயம் கேட்டு வந்த டைலருக்குக் கோபம். “எவன்யா அந்த அண்ணன், நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்” என்று கிளம்பினார். “வேண்டாங்க, நல்ல மனுஷன்” என்று பெரியப்பா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. கிழித்துவிட்டேன் என்று முதல் வரி. தம்பி என்று கடைசி வரி. அதை என்னால் ஒரே தடவையில் படித்து முடிக்க முடியவில்லை. அப்புறமும் உனக்குப் பூனையைப் பற்றி எழுதினேன்.

நேற்று உன் ஜூன் ஒன்றாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு மேலே போய்ப் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப நான் அவருக்கு எழுதினதெல்லாம்?”

ஆப்பில் அந்த ஒற்றைப் பட்டனுக்குக் கீழே, நன்றி எழுத ஒரு கட்டம் பிறகு சேர்த்திருந்தேன். அவர் நன்றியோடு நிறுத்தவில்லை. அண்ணனுக்குத் தினம் எழுதுவார். முகம் தெரியாத ஆளிடம் சொல்கிற மாதிரியான விஷயங்கள்.

“நான்தான் படிச்சேன் பெரியப்பா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

உடை மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, “போயிட்டு அப்புறம் வாடா” என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதில் என்ன எழுதியிருந்தார் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்லாததைத்தான் அவர் ஊர்பேர் இல்லாத ஒருவரிடம் சொன்னார். உன் குரலைத் திருடியதற்கு மேல் இதையும் திருட முடியாது. விடுப்பு எடு, எடுக்காதே என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ கிழித்தது நான் சொன்ன பொய்யை நம்பி. அதனால் மறுபடி ஒருமுறை யோசி. இந்தத் தடவை உண்மையை வைத்துக்கொண்டு யோசி. நீ அங்கேயே இருந்தாலும் நான் மேலே ஓடுவேன். அண்ணன் கொடுத்தனுப்பினார் என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பெரிய சிஸ்டரிடம் அப்படியே காட்டு. அந்தப் பட்டியலில் ஒருவர் ஃபோனில்கூட அது ஏறக்கூடாது. யார் செய்தது என்று கேட்டால் தம்பி என்று சொல்ல வேண்டாம். தெரிந்த பையன் என்று சொல், போதும்.

அந்தப் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டேன். இன்று காலையிலிருந்து மறுபடி கதவு கதவாகத் தட்டி, நடந்ததைச் சொன்னேன். சிலர் பாதியிலேயே சாத்தினார்கள். ஒருவர் தன் மனைவியையும் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வயலின் டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, “இப்ப இதுல யாரு இருக்காங்க?” என்றார். “யாரும் இல்ல டீச்சர்” என்றேன். “சரி, என்னைப் போடு” என்றார்.

ஆக, நான் பெரிதாக அளந்த ‘கூப்பிடு’வில் இப்போது மொத்தம் மூன்று பேர். டீச்சர், டைலர், நான்.

டைலரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவரிடம் இருப்பது பழைய பட்டன் ஃபோன். அதில் ஆப் ஏறாது. “அதெல்லாம் எனக்கு வேணாம்பா, சுவத்தைத் தட்டச் சொல்லு, வர்றேன்” என்றுதான் சொன்னார். நான்தான் அவரையும் சேர்த்து எண்ணி மூன்று என்று எழுதிவிட்டேன்.

தம்பி